இடது கையில் இண்டக்‌ஷன்

என் கணவர் வேலை நேரத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் "ஏம்மா". கோபம் வந்தால் "இந்தாம்மா". ஆனால் நான் சப்ஸ்டேஷனில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் எங்கேயோ ஒரு கம்பத்தடியில் நின்று கூப்பிட்டால், "வணக்கம் மேடம், லைன்மேன் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "போன்ல சிரிக்காத. பக்கத்துல ஆளுங்க நிக்கிறாங்க. அது உயிர் சமாச்சாரம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நானும் "சொல்லுங்க லைன்மேன்" என்றே பேசினேன். கேட்டவர்கள் எங்களுக்குள் ஏதோ தீராத சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் சப்ஸ்டேஷன் மரக்காணத்துக்கு வெளியே, உப்பளங்களைப் பார்த்தபடி இருக்கிறது. நான் அங்கே ஆபரேட்டர். பேனல் முன்னால் உட்கார்ந்து ரீடிங் எழுதுவது, லைன் ட்ரிப் ஆனால் மறுபடி போட்டுப் பார்ப்பது, கரண்ட் போன ஊர்க்காரர்கள் போனில் திட்டுவதை வாங்கிக்கொள்வது, இதுதான் வேலை. அவர் லைன்மேன். எக்கியார்குப்பம் பக்கம் போகிற லைன் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு உப்பு சீசன் ஆகிவிட்டது. மாரடைப்பு. எங்கள் செக்‌ஷனில் கரண்ட் அடித்துச் செத்தவர்களைவிட நெஞ்சு வலியில் போனவர்கள் அதிகம் என்பது அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஹெல்மெட் போட்டாயா, கிளவுஸ் போட்டாயா, பெல்ட் மாட்டினாயா என்று கேட்க ஆபீஸில் ஆள் உண்டு. பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்க யாரும் கிடையாது.

எல்.சி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. லைனில் கை வைக்க வேண்டும் என்றால் லைன்மேன் முதலில் என்னிடம் எல்.சி. கேட்க வேண்டும். லைன் கிளியர். நான் பிரேக்கரை ஆஃப் செய்து, பூட்டி, போர்டு மாட்டி, "எல்.சி. உங்க பேர்ல குடுத்தாச்சு" என்று சொல்வேன். அவர் அங்கே கம்பியில் எர்த் ராடு மாட்டுவார். தப்பித் தவறி கரண்ட் வந்தாலும் அது அந்த ராடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்புறம்தான் ஏறுவார். வேலை முடிந்ததும் அவரே கூப்பிட்டு, ஆட்கள் எல்லாம் இறங்கியாயிற்று, எர்த் எடுத்தாயிற்று, எல்.சி. ரிட்டர்ன் என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் நான் கரண்ட் விடக் கூடாது. எடுத்தவர் வாயால்தான் திரும்பி வர வேண்டும். பெயர் மாற்றிக் கொடுக்கவும் வழி இருக்கிறது, அதற்கு இன்ஜினியர் வர வேண்டும். இந்த விதி சும்மா வரவில்லை. யாரோ சொன்னதை நம்பி லைனைப் போட்டு, மேலே ஆள் இருந்து, அவன் கருகிப்போன கதை எங்கள் தொழிலில் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் அந்த விதியை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. குறை சொல்ல முடியாததுதான் என் வயிற்றெரிச்சல்.

மற்ற ஊர் லைன்மேன்களுக்கு மழையும் காற்றும்தான் தொல்லை. எங்கள் ஊரில் உப்பும் சேர்ந்துகொள்ளும். உப்பளத்தின் மேலே போகிற லைனில் பீங்கான் இன்சுலேட்டர்கள் மீது நாளெல்லாம் உப்பு வந்து படியும். காய்ந்திருக்கும்வரை ஒன்றும் இல்லை. கொஞ்சம் பனி, கொஞ்சம் தூறல் பட்டால் போதும், சீற ஆரம்பித்துவிடும். நெருப்பு தெரியும். பிறகு டப்பென்று ஒரு சத்தம், எக்கியார்குப்பம்வரை இருட்டு. லைனை நிறுத்தி, ஏறி, ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும், வெடித்ததை மாற்ற வேண்டும். துடைத்து இறங்கும்போதே அடுத்த உப்பு படிய ஆரம்பித்திருக்கும். ஆட்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்து செக்‌ஷன் லைனும் அவர் தலையில் விழுந்தது. லீவு கேட்டால் "யாரு பாப்பாங்க சொல்லு" என்பார்கள்.

சாப்பாட்டைச் சொன்னால் கோபம்தான் வருகிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் டீ, சிகரெட். வேலை இழுத்துக்கொண்டால் மறுபடி டீ, சிகரெட். நான் கட்டிக்கொடுத்த சோறு வண்டிப் பெட்டியிலேயே நொந்து போயிருக்கும். ரோட்டோரக் கடையில் எல்லோரும் சேர்ந்து பரோட்டா சாப்பிட்டிருப்பார்கள். அது போதாது என்று தண்ணீர் கேனில் ஒரு கை கல்லுப்பு போட்டுக் கலக்கி, அதைத்தான் நாளெல்லாம் குடிப்பார். எங்கள் செக்‌ஷனில் எல்லாருமே அப்படித்தான். "வேர்வைல உப்பு போவுது இல்ல, அத திரும்ப உள்ள ஊத்தணும். இல்லன்னா மேல இருக்கும்போது கால் இழுத்துக்கும்" என்பார். கேனுக்கு உப்பு எங்கே கிடைக்கும் என்ற கவலையே இல்லை. கரண்ட் வந்த சந்தோஷத்தில் உப்பளக்காரர்கள் மூட்டையாகவே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கடையில் உப்பு வாங்கியதில்லை.

கையில் அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது ஒரு தை மாதம். சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்து வைத்தவர், இடது கையை உதறிக்கொண்டே நின்றார். தோளிலிருந்து விரல்வரை விறுவிறுவென்று இறங்குகிறது என்றார். என்ன ஏது என்று கேட்டேன்.

"ஒண்ணுல்ல, இண்டக்‌ஷன்."

இண்டக்‌ஷன் என்பது எங்களுக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். நாம் நிறுத்தி வைத்திருக்கிற லைனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய லைன் ஓடிக்கொண்டிருந்தால், செத்த லைனிலும் கொஞ்சம் கரண்ட் தொற்றிக்கொள்ளும். எர்த் சரியாக நிற்காவிட்டால் கையில் விறுவிறுக்கும். உப்பளத்துப் பக்கம் எங்கள் லைனும் பெரிய லைனும் ரொம்ப தூரம் பக்கத்துப் பக்கத்தில்தான் போகின்றன. அங்கே வேலை செய்த எல்லா லைன்மேனுக்கும் கை விறுவிறுத்திருக்கிறது. அதெல்லாம் சரி. வீட்டு மாடிப்படியில் ஏது?

"வூட்ல எதுங்க லைவ் லைன்? நானா?" என்று கேட்டேன்.

"நீ என்னிக்குமே லைவ்தான்" என்று சொல்லிவிட்டு, துணி துவைக்கிற இடத்துக்குப் போய் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. "பாத்தியா, எர்த் ஆயிடுச்சு" என்றார்.

இதுதான் என் புருஷன் கண்டுபிடித்த வைத்தியம். அவர் மட்டும் என்றால் பைத்தியம் என்று விட்டிருப்பேன். அவர் கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் இதைச் சத்தியம் பண்ணினார்கள். நாளெல்லாம் கரண்ட் பக்கத்தில் கிடக்கிற உடம்பில் கொஞ்சம் தங்கிவிடுமாம். அதை இறக்கிவிட்டால் போதுமாம். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இறங்குமாம். கம்பத்தில் கை விறுவிறுத்தால் இறங்கி, பூட்ஸைக் கழற்றிப் போட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, பக்கத்து உப்புப் பாத்தியில் இறங்கி அசையாமல் நிற்பார். அவரைவிட வயதில் கொஞ்சம் சின்னவரான ஹெல்பர் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் விறுவிறுப்பு போய்விடும். போகாமல் இருந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் போனதால்தான் அவர்கள் அதை அவ்வளவு நம்பினார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கத்தினேன். நெஞ்சில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், "நெஞ்சுல ஒண்ணுமே இல்லம்மா, கைல மட்டும்தான்" என்பார். அது உண்மைதான், அவருக்குக் கையில் மட்டும்தான் வந்தது. ஆபீஸில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். லைனில் வேலை இருக்கிறது என்று நழுவப் பார்த்தவரை விடாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் எகிறிக் கிடந்தது. கேம்ப்புக்கு வந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். வரிசையில் நின்றிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மரக்காணத்துல வந்து உப்பக் குறைக்கச் சொல்றாரு பாரு" என்றார் ஒருவர். டாக்டரும் சிரித்தார். நெஞ்சில் ஒயர் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். நல்லாத்தான் இருக்குது என்றார்கள்.

அங்கேதான் நான் தோற்றேன். அதற்கப்புறம் கையைப் பற்றி வாயைத் திறந்தாலே, "மெகர் போட்டுப் பாத்தாச்சு, இன்சுலேஷன் நல்லா இருக்குது" என்பார். மெகர் என்பது கேபிளில் லீக் இருக்கிறதா என்று சோதிக்கிற கருவி. எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பார். படுத்துக்கிடக்கும்போது எடுத்த இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஓட வைத்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாத்திரையைத் தலை வலித்தால் போட்டுக்கொள்வார். தலை வலிக்காத நாளில் எதற்கு என்பார்.

அந்த வருஷம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் காலையில் தூறல் போட்டது. தூறல்தான், மழை என்றுகூடச் சொல்ல முடியாது. அத்தனை மாதம் படிந்திருந்த உப்பு நனைந்தது. நான் ஷிப்டுக்குப் போய் உட்கார்ந்ததும் லைன் ட்ரிப். போட்டேன், நிற்கவில்லை. மறுபடி போட்டேன், நிற்கவில்லை. போன் அடிக்க ஆரம்பித்தது. அந்த வெயில் நாளில் மின்விசிறி இல்லாமல் யாரால் இருக்க முடியும்? ஒருவர் குழந்தை அழுகிறது என்றார். ஒருவர் மோட்டார் ஓடவில்லை, பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, உப்பெல்லாம் கரைகிறது என்றார். இன்னொருவர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்.

அவர் கூப்பிட்டார். "வணக்கம் மேடம், லைன்மேன் பேசறேன். உப்பளத்துல ரெண்டு இன்சுலேட்டர் வெடிச்சிருக்குது, ஜம்பர் கம்பி அறுந்து தொங்குது. எல்.சி. குடுங்க." கொடுத்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அங்கே நடந்ததை ஹெல்பர்தான் எனக்குச் சொன்னார். பிறகு பல தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏறி முதல் இன்சுலேட்டரை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கை விறுவிறுத்திருக்கிறது. மேலிருந்தே, "எர்த் சரியா நிக்கலடா, பாரு" என்று கத்தியிருக்கிறார். ஹெல்பர் பார்த்துவிட்டு நன்றாகத்தான் நிற்கிறது என்றார். இவர் நம்பவில்லை. இறங்கி வந்து, தன் கையாலேயே இன்னொரு எர்த் ராடு மாட்டினார். பக்கத்துப் பெரிய லைனை அண்ணாந்து பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு மறுபடியும் ஏறினார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். நெஞ்சுக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிற மனிதர், அதற்குக் கம்பியில் எர்த் மாட்டுகிறார். அதை எவ்வளவு ஒழுங்காக மாட்டினார் என்று ஹெல்பர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.

இரண்டாவது தடவை ஏறியவரால் வேலை செய்ய முடியவில்லை. மெதுவாக இறங்கினார். பூட்ஸைக் கழற்றினார். பேன்ட்டைச் சுருட்டிப் பாத்தியில் இறங்கி நின்றார். ஹெல்பர் கரையில் உட்கார்ந்தார். எப்போதும்போல் போய்விடும் என்று இருவரும் காத்திருந்தார்கள். போகவில்லை. கை வலி தாடைக்கு ஏறியது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அவராகவே கரைக்கு வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு இறங்க மாட்டுதுடா" என்றார்.

"வாண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று ஹெல்பர் வண்டியை எடுத்தார்.

"எல்.சி. என் பேர்ல இருக்குது. நான் போயிட்டா யாரு ரிட்டர்ன் பண்றது? ஊரே இருட்டுல கெடக்கணுமா? நீ ஏறி ஜம்பரப் போடு, போ."

இன்ஜினியருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் திண்டிவனத்தில் மீட்டிங்கில் இருந்தார், எடுக்கவில்லை. ஹெல்பர் ஏறினார். என் கணவர் கீழே உட்கார்ந்து இதைப் பிடி, அதைத் திருகு என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இடையில் நானே ஒருமுறை கூப்பிட்டேன். போன் அடித்து அடித்து எனக்குப் பொறுமை போயிருந்தது. "எவ்வளவு நேரங்க லைன்மேன்?" என்றேன். "முடிஞ்சிடும் மேடம்" என்றார். ரெண்டு வார்த்தைதான். அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. "ஆளுங்க எல்லாம் இறங்கியாச்சு. எர்த் ரெண்டும் எடுத்தாச்சு. எல்.சி. ரிட்டர்ன் மேடம்." நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார்.

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?" என்றேன்.

"காத்துங்க மேடம். லைனப் போடுங்க."

போட்டேன். பிரேக்கர் ட்ரிப் ஆகாமல் நின்றது. மீட்டரில் முள் எழுந்தது. "லைன் நின்னுடுச்சு" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

வேலை நேரத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னங்க, என்னங்க என்று கத்தினேன். போன் ஹெல்பர் கைக்குப் போயிருந்தது. "அண்ணி, அண்ணனுக்கு முடியல. கூட்டினு போறோம்" என்றார். உப்பளத்து ஆள் ஒருவர் வண்டி ஓட்ட, நடுவில் அவரை உட்கார வைத்து, பின்னால் ஹெல்பர் அணைத்துப் பிடித்துக்கொண்டு மரக்காணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

என்னால் உடனே போக முடியவில்லை. பேனலை விட்டு ஆபரேட்டர் எழுந்து போகக் கூடாது. இன்னொரு ஆபரேட்டர் வந்து உட்கார்ந்தால்தான் நான் கதவைத் தாண்டலாம். அவர் கிளியனூரிலிருந்து வர வேண்டும். அதுவரை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். போன் மட்டும் ஓயவில்லை. கரண்ட் வந்துவிட்டது என்று சொல்ல ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவர் கூப்பிட்டு, வோல்டேஜ் கம்மியாக வருகிறது, ஏ.சி. ஓடவில்லை என்றார். பார்க்கிறேன் சார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு ரிசீவரை ஓங்கிக் கீழே வைத்தேன். ஒரே ஒரு மூலை உடைந்தது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "எர்த் சரியாதான் போட்டேன்" என்றார். அதைத்தான் சொன்னார். காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போர்வைக்கு மேலேயே.

வெளியே டாக்டர் அம்மா என்னிடம் கேட்டார், எத்தனை நாளாக இப்படிக் கை வலிக்கிறது என்று. நான் இண்டக்‌ஷன், உப்புத் தண்ணீர் எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஓஹோ" என்றார். பிறகு, "தண்ணியில நின்னதால வலி போகலம்மா. வேலைய விட்டுட்டு நின்னாரு பாருங்க, அதனால போயிருக்குது. இதயத்துக்கு ஓய்வு கெடச்சுது. அதே நேரம் வீட்ல சோபாவுல உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும்" என்றார். இன்றைக்கு வலி ஆரம்பித்தவுடனே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியிருக்க வேண்டாம். எனக்குத் தெரியாதா என்ன.

இதையெல்லாம் நான் செக்‌ஷன் ஆட்களிடம் பிறகு சொன்னேன். கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். எல்.சி. கேட்கிற ஒவ்வொருவரிடமும் கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். "நல்லா இருக்குதுங்க மேடம்" என்கிறார்கள். என்மீது பரிதாபப்பட்டுச் சொல்கிற பதில் என்று தெரிகிறது. கேனில் உப்பு போடுவது நிற்கவில்லை. பாத்தியில் இறங்கி நிற்பதும் நிற்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். என்ன செய்தால் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. செத்துக் காட்டியும் கேட்கவில்லையே.

அவர் அன்று சாயங்காலமே போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆபீஸ்காரர்கள் கூடியிருந்தார்கள். மீட்டிங் முடிந்து வந்த இன்ஜினியர், சங்கத்து ஆள், ஹெல்பர். மூன்று பேரும் சுவரோரமாக நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். பிறகு சங்கத்து ஆள் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கி, "தங்கச்சி, ஒடம்புல எங்கயாச்சும் ஷாக் அடிச்ச காயம் இருந்துச்சா? நீ பாத்தியா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இன்ஜினியர் விளக்கினார். கரண்ட் அடித்திருந்தால் அது பணியில் விபத்து. இல்லை என்றால் இயற்கை மரணம். கம்பத்தடியில்தான் வலி வந்தது, லைனில் இருக்கும்போதுதான் வந்தது என்றாலும் கணக்கு அப்படித்தான். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இயற்கையாம். வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டு அக்னி வெயிலில் கம்பம் ஏறுவது எந்த இயற்கை? மூன்று பேர் வேலையை ஒருவர் பார்ப்பது எந்த இயற்கை? ஊர் திட்டுகிறதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து எல்.சி.யைக் காப்பாற்றியது எந்த இயற்கை? வாயில் வந்துவிட்டது. கேட்கவில்லை. யாரைக் கேட்பது?

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பணத்துக்காக இல்லை, சத்தியமாக இல்லை. கரண்ட் அடித்துச் செத்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும், இந்த வேலைதான் அவரைக் கொன்றது என்று யாராவது ஒருவர் ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அவருக்கும் அதுதான் தெரிந்த சாவு. நெஞ்சு வலி அவருக்குத் தெரியாத சாவு. அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது நான் கடவுளிடம் கேட்டது அதைத்தான். ஒரு காயம், எங்கேயாவது ஒரு சின்னக் கருகல் இருக்க வேண்டும் என்று.

வாசலில் பெஞ்சு போட்டுக் குளிப்பாட்டினார்கள். ஆம்பளைங்க பாத்துப்பாங்க, நீ உள்ள போ என்று என் அண்ணி இழுத்தாள். நான் நகரவில்லை. ஹெல்பர்தான் பக்கத்தில் இருந்தார். அவரும் தேடிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரிந்தது. இடது கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். காய்ப்புதான் இருந்தது. வலது கையைப் பார்த்தார். முழங்கை, தோள், முதுகு. பிறகு கால் பக்கம் வந்தார்.

இடது உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே, வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. ஓரம் சுருங்கி, நடுவில் தோல் வெடித்து, வட்டமாக. கரண்ட் உள்ளே ஏறின இடம் கருகியிருக்கும், வெளியே இறங்கின இடம் இப்படித்தான் வெளுத்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹெல்பர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணி" என்றார். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். சந்தோஷப்பட்டேன். அதை எந்த வார்த்தையில் சொன்னாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும், சந்தோஷப்பட்டேன்.

யாரோ பின்னாலிருந்து ஒரு செம்பு தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். நான் கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவினேன். நெறநெறவென்று இருந்தது. பிறகு கரைந்தது. வெடிப்புக்குள் இருந்ததும் தண்ணீரோடு ஓடிவிட்டது. கீழே அவருடைய தோல் இருந்தது, எந்தக் காயமும் இல்லாமல்.